அறுபதாயிரத்தை எங்கே போடுவது: இன்ஸ்டா பக்கமா, வாட்ஸ்அப்பா, சொந்த வலைத்தளமா?

ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டுமா என்று கேட்க வந்த அக்கா ஒருவர், அதைப் பேசி முடித்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். "தம்பி, கையில அறுபதாயிரம் இருக்கு. இன்ஸ்டாவுல விளம்பரம் போட்டா ஃபாலோயர் ஏறும்ங்கறாங்க. ஒரு பையன் வெப்சைட் கட்டித் தர்றேன்னு ரெண்டு மாசமா நடையா நடக்கறான். எங்க வீட்டுக்காரரு, ரெண்டும் வேண்டாம், வாட்ஸ்அப்பே போதும்ங்கறாரு. எதுல போடறது?"

அவர் சேலத்தில் வீட்டிலிருந்தே புடவை விற்கிறார். இளம்பிள்ளைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வந்து, படம் போட்டு, கொரியரில் அனுப்புவது. ஐந்து வருடத் தொழில். பக்கத்தில் ஒன்பதாயிரம் ஃபாலோயர். நான் கணக்கு எழுதுகிறவன், மார்க்கெட்டிங் படித்தவன் இல்லை. ஆனால் மசாலாப் பொடி, கவரிங் நகை, பிறந்தநாள் கேக் என்று வீட்டிலிருந்து விற்கும் பலருடைய வரவு செலவு என் கைவழியாகப் போகிறது. இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. அன்று அக்காவுக்கு ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

## தளங்களையே விலைக்கு வாங்கியவர்கள் கதை

"இந்தத் தளமெல்லாம் நிலைக்குமா?" என்ற கேள்விக்குப் பெரிய முதலாளிகள் சொந்தப் பணத்தைப் போட்டே விடை கண்டிருக்கிறார்கள். 2005-இல் ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப், மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தை 58 கோடி டாலருக்கு வாங்கியது. 2011-இல் விற்றபோது கிடைத்தது சுமார் 3.5 கோடி. பீபோ என்ற இன்னொரு தளத்தின் கதை இன்னும் மோசம். ஏஓஎல் நிறுவனம் 2008-இல் 85 கோடி டாலர் கொடுத்து வாங்கி, இரண்டே வருடத்தில் ஒரு கோடிக்கும் குறைவான விலைக்குத் தள்ளிவிட்டது. அதைத் தொடங்கிய மைக்கேல் பர்ச்சே 2013-இல் பத்து லட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார். விற்ற வீட்டைத் திண்ணை விலைக்கு மீட்ட மாதிரி.

ஆர்குட்டில் ஸ்கிராப் எழுதிய வயதுக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2004-இல் வந்தது, 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடிவிட்டார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. நம் நாட்டில் பிறந்த 'கூ' 2024 ஜூலையில் போனது.

மறுபக்கமும் இருக்கிறது. 2012 மே மாதம் ஃபேஸ்புக் பங்கு 38 டாலருக்கு வெளியிடப்பட்டு, நான்கே மாதத்தில் 18-க்குக் கீழே விழுந்தது. அன்றைக்கு அதைக் கைகழுவியவர்கள் பின்னால் வருந்தியிருப்பார்கள். அதே வருடம் 13 பேர் மட்டும் வேலை பார்த்த இன்ஸ்டாகிராமுக்கு அந்த நிறுவனம் 100 கோடி டாலர் கொடுத்தபோது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். இன்று அப்படிச் சொல்ல ஆள் இல்லை. வேலை தேடுவோருக்கான லிங்க்ட்இன்னை மைக்ரோசாஃப்ட் 2016-இல் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது, அதுவும் தெம்பாக ஓடுகிறது. கவனித்தால், நின்றவற்றில் எல்லாம் பணம் கொடுக்கிறவர் யார், எதற்குக் கொடுக்கிறார் என்பது தெளிவாக இருக்கிறது. ஒன்றில் விளம்பரக்காரர், இன்னொன்றில் ஆள் எடுக்கும் கம்பெனிக்காரர்.

சரி, இதில் நமக்கு என்ன? தளம் நிலைப்பது வேறு, அதில் நம் பக்கம் நிலைப்பது வேறு. 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க், இனி ஃபேஸ்புக்கில் நண்பர்கள், உறவினர்கள் போடுவதுதான் முன்னால் வரும், வியாபாரப் பக்கங்களும் செய்திப் பக்கங்களும் குறைவாகத் தெரியும் என்று அறிவித்தார். தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வருடக்கணக்கில் பக்கம் வளர்த்தவர்களுக்குத்தான், போட்ட பதிவு பத்தில் ஒருவருக்குக்கூடப் போகவில்லை என்ற புலம்பல். டிக்டாக் இன்னொரு விதம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. உலகத்தில் டிக்டாக் இன்றும் ஓடுகிறது. நம்மூரில் அதை நம்பியிருந்தவர்கள் மட்டும் காலையில் எழுந்து வேறு இடம் தேடினார்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் வருமானம் ஏறக்குறைய முழுக்க விளம்பரத்தில் வருவது. நம் பக்கத்துக்கு ஆட்கள் தானாகவே வந்துகொண்டிருந்தால் விளம்பரத்துக்கு யார் பணம் கட்டுவார்கள்? அவர்கள் தொழில் நிலைக்க வேண்டுமானால் நாம் மறுபடி மறுபடி கட்ட வேண்டும். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. சந்தையில் கடை போட்டால் வாராவாரம் சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

அக்காவின் தாளில் ஐந்து கேள்விகள் எழுதினேன்.

1. நம்மைத் தெரியாத புது ஆள் இந்த வழியாக வருவாரா?
2. ஒரு முறை வாங்கியவரை நாளைக்கு நாமே, யாருக்கும் காசு கட்டாமல், கூப்பிட முடியுமா?
3. ஒரு விற்பனைக்கு மொத்தச் செலவு என்ன? ராத்திரி பதினொரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் இதில் சேர்த்தி.
4. ஒரு நாள் காலையில் அது காணாமல் போனால், எத்தனை நாளில் மறுபடி விற்க ஆரம்பிக்கலாம்?
5. மகளிடம் ஒப்படைக்கவோ, கூட்டாளி சேர்க்கவோ, விற்கவோ முடியுமா?

ஐந்தாவதைக் கேட்டு அக்கா சிரித்தார். "இதைப் போய் யார் வாங்கப் போறா?" கணக்கு எழுதுகிறவனுக்கு அதுதான் முதல் கேள்வி. விளம்பரத்துக்குக் கொடுத்த பணத்தைச் செலவு என்று எழுதுகிறேன். ஒன்பதாயிரம் ஃபாலோயரைச் சொத்து என்று எழுத ஒரு கட்டம் இல்லை. கடன் கேட்டுப் போனால் வங்கிக்காரர் பார்ப்பது கணக்கு ஸ்டேட்மென்டையும் வருமான வரித் தாக்கலையும்தான்.

## இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கம்

முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. திருப்பூரில் இருக்கிற ஒரு டீச்சர், நம் அக்காவின் புடவையைப் பார்க்க வேறு வழியே இல்லை. அதுவும் ரீல்ஸ் வந்த பிறகு, ஃபாலோ செய்யாதவர்களுக்கும் போய்ச் சேர்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

இரண்டாவது கேள்வியில்தான் சறுக்குகிறது. ஒன்பதாயிரம் பேரில் இன்றைய பதிவு யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது அக்கா இல்லை. வாங்கினவருக்கே தெரியாமல் போகலாம்.

மூன்றாவதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கு 10,000 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 11,800. (பதிவு எடுத்தவர் இந்த வரியை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரிக் கழிவாகக் கழித்துக்கொள்ளலாம். எடுக்காதவருக்கு முழுதும் கைக்காசு.) இருநூறு பேர் விசாரித்து, முப்பது பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு 393 ரூபாய். ஒரு புடவையில் லாபம் 250 என்றால் முப்பதுக்கும் சேர்த்து 7,500. கையிலிருந்து 4,300 போயிற்று.

அந்த முப்பதில் பத்துப் பேர் அடுத்த ஆறு மாதத்தில் ஆளுக்கு இரண்டு புடவை, விளம்பரம் இல்லாமல் வாங்கினால்? இன்னொரு 5,000 வரும். 700 ரூபாய் லாபத்தில் நிற்கலாம். ஆக, முதல் விற்பனை நஷ்டத்தில் போனாலும் பரவாயில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் வர வேண்டும். அதற்கு அந்தப் பத்துப் பேரை நாமே கூப்பிடும் வழி இருக்க வேண்டும். இந்த இடத்தில் அக்கா பேனாவை வாங்கி 4,300-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "போன தீபாவளிக்கு இதேதான் ஆச்சு. எங்க போச்சுன்னு தெரியாமலே போச்சு."

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இன்னும் உண்டு. படத்துக்குக் கீழேயே விலை போட்டிருந்தாலும் "பிரைஸ் ப்ளீஸ்" என்றுதான் கேட்பார்கள். "ஸ்டாக் இருக்கா", "வேற கலர்", "நேர்ல பாத்தாலும் இதே கலர்தானா" என்று ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்று ஆகிவிடும். மொட்டை மாடியில் வெயில் பார்த்து எடுத்த படம் மறுநாள் வேறு நாலு பக்கத்தில் இருக்கும், ஐம்பது ரூபாய் குறைவாக. நம் பெயரிலேயே போலிப் பக்கம் தொடங்கி ஜிபே எண்ணை மட்டும் மாற்றிப் போடுகிற கூட்டமும் உண்டு. பணம் கட்டி ஏமாந்தவர் நம்மைத்தான் திட்டுவார்.

அக்கா என்னிடம் வந்த காரணமும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு ரீல் நன்றாக ஓடி, பெங்களூருவிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும்வரைதான், வருட விற்பனை 40 லட்ச ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பு நம்மைக் காக்கும். வரிக்கு உட்பட்ட பொருளை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால், ஒரு புடவையாக இருந்தாலும், பொதுவாக ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்குத்தான் விலக்கு. ரீல் எந்த ஊருக்குப் போகும் என்று நாமா முடிவு செய்கிறோம்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் சுருக்கம். கணக்கை விற்கவும் வாங்கவும் கூடாது என்று இன்ஸ்டாகிராமின் விதிமுறையிலேயே இருக்கிறது.

## யூடியூப்

யூடியூபில் 'இளம்பிள்ளை புடவை' என்று தேடிப் பாருங்கள். கடைக்காரர்கள் புடவையை விரித்து, முந்தானையைக் காட்டி, "சிங்கிள்ஸும் கிடைக்கும்" என்று சொல்லும் வீடியோக்கள் வரிசையாக வரும். அதில் சில பழையவை. இதுதான் யூடியூபின் பலம். இன்ஸ்டாவில் போட்டது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கீழே போய்விடும். இங்கே ஒருவர் தேடும்போதெல்லாம் பழைய வீடியோ எழுந்து வரும். சமூகத் தளங்களில் நம் பழைய உழைப்பு இவ்வளவு நாள் வேலை செய்கிற இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

தொல்லையும் அதே இடத்தில்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய வீடியோவைப் பார்த்துவிட்டு, "அதுல 480-ன்னு சொன்னீங்களே, அந்த விலைக்கே குடுங்க" என்று போன் வரும். பின்னணியில் ஓடிய சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமைக் கோரிக்கை வரும். கேமரா முன்னால் பேச எல்லாருக்கும் வாய்க்காது, அக்காவுக்குச் சுத்தமாக வராது. ஆயிரம் சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்ற கணக்கைத் தாண்டினால் விளம்பர வருமானத்தில் பங்கு உண்டு என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பொருள் விற்கிறவர் அதை நம்பிச் சேனல் ஆரம்பிக்க வேண்டாம். வந்தால் டீச்செலவுக்கு ஆகும்.

செய்முறை காட்டி விற்கும் பொருள் என்றால், மாவு கலந்து காட்டுவது, புடவை மடிப்பு வைத்துக் காட்டுவது, தறியில் ஓடுவதைக் காட்டுவது என்றால், மற்றதைவிட இதுதான் சரி. மொத்த வியாபாரிக்கும் இதுதான்.

## வாட்ஸ்அப்

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அண்ணி சுங்குடிப் புடவை விற்றவர். ஒரு சமூக வலைத்தளத்தில், எது என்று வேண்டாம், மூன்று வருடம் பாடுபட்டுப் பதினாலாயிரம் பேரைச் சேர்த்திருந்தார். ஆர்டர், முகவரி எல்லாம் அங்கேயே உள்பெட்டியில்தான் பேசுவார். ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி. காரணம் சொல்லவில்லை. அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். நன்றி, பரிசீலிக்கிறோம் என்று இயந்திரப் பதில். கணக்கு திரும்பி வந்தபோது ஆடி முடிந்திருந்தது.

அந்த மாதத்தைக் காப்பாற்றியது ஒரு பிஸ்கட் டப்பா. கொரியர் ரசீதுகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதில் திணித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் வாங்கினவர் பெயர், ஊர், போன் எண். கார்பன் நகல் என்பதால் பாதி மங்கிப்போய், ஒன்றா ஏழா என்று தெரியாமல் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். நான், அண்ணன், அண்ணி மூன்று பேரும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அறுநூற்றுச் சொச்சம் எண்களைப் போனில் ஏற்றினோம். பதினாலாயிரம் ஃபாலோயர் இருந்த காலத்தில் ஒரு பதிவுக்கு வந்த ஆர்டரும், இந்த அறுநூறு பேருக்கு அனுப்பிய செய்திக்கு வந்த ஆர்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கு அன்றைக்குத்தான் தொழில் எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

அதனால் அக்காவின் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம், கேட்லாக் வைக்கலாம், ஜிபேயில் பணம் வந்துவிடும். வாங்கினவரைத் திரும்பக் கூப்பிட இதைவிட மலிவான வழி இல்லை. மற்ற பாதி, இதில் புது ஆள் தானாக வருவதில்லை. யாராவது எண்ணைக் கொடுத்தால்தான் உண்டு.

வாட்ஸ்அப்புக்குள்ளேயே மூன்று வழி இருக்கிறது, அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். குரூப் தொடங்கினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். ரீசெல்லர் ஒருவர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, எல்லா எண்களையும் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் தனி குரூப் தொடங்கிவிடுவார். சேனல் தொடங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் பின்தொடர்பவர் ஏற்கனவே நம் தொடர்புகளில் இல்லாவிட்டால் அவர் எண் நமக்கே தெரியாது. இன்ஸ்டா ஃபாலோயர் கதைதான் மறுபடி. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் நமக்கானது. ஒரு லிஸ்டுக்கு 256 பேர், அவர்கள் நம் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே செய்தி போகும். இது குறையாகத் தெரியும், உண்மையில் நல்லது. சேமித்தவர்தான் வாங்குபவர். பார்சலுக்குள் "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் முதலில் உங்களுக்கு" என்று ஒரு சீட்டு வைத்தால் போதும். கேட்காமல் ஊரில் உள்ள எண்களுக்கெல்லாம் அனுப்பினால், நாலு பேர் புகார் செய்து எண்ணே முடங்கும். அனுப்பும் வரம்புகளையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

இன்னொன்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், விசாரணை குவியும் வேளை. மூன்றுக்கும் முதலாளி ஒருவர்தான். எண்களை வாட்ஸ்அப்புக்குள் மட்டும் வைத்திருப்பது லிஸ்ட் வைத்திருப்பதாகாது. ஒரு எக்செல் தாளில், இல்லாவிட்டால் ஒரு நீள நோட்டில், பெயர், ஊர், எண், கடைசியாக வாங்கியது என்ன என்று இருக்க வேண்டும்.

## சொந்த வலைத்தளம்

நடையாய் நடக்கும் பையன் கேட்டது 45,000. நான் அவனிடம் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "டொமைன் யார் பேர்ல எடுப்பீங்க?" கொஞ்சம் தயங்கி, "நம்ம அக்கவுண்ட்லதாங்க எடுப்போம், ரினியூவல் நாங்களே பாத்துக்குவோம்" என்றான். நல்ல பையன், ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் சொந்தத் தளம் என்பதில் சொந்தம் என்று சொல்ல இருப்பது டொமைன் என்கிற அந்த இணைய முகவரிப் பெயர்தான், அது அவன் கணக்கில் இருந்தால் அப்புறம் எதற்கு? டொமைன் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகும்.

மற்ற செலவுகள்: ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடத்துக்கு வாடகை) அல்லது மாதச் சந்தா, தளத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்குச் சுமார் 2 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. கேட்வே வேண்டுமானால் திருப்பியளிப்பு விதி, தனியுரிமை விதி, தொடர்பு முகவரி என்று பக்கங்கள் எழுதித் தளத்தில் போட வேண்டும். ஒரு புடவை விற்றால் உடனே தளத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒரு டிசைனில் ஒரு புடவை, இரண்டு புடவை வைத்து விற்கிறவருக்கு இது தலைவலி. ஒரே மசாலாப் பொடியை வருடம் முழுவதும் விற்கிறவருக்குப் பிரச்சினையே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், கட்டி வைத்தால் ஆள் வராது. கூகுளில் மேலே வர மாதங்கள் ஆகும், வராமலும் போகலாம். அதுவரை இன்ஸ்டாவில் விளம்பரம் போட்டுத்தான் தளத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். நம்மூர் வாடிக்கையாளர் தளத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் "இது இருக்கா" என்றுதான் கேட்பார். அதை நான் பலர் கணக்கில் பார்த்துவிட்டேன்.

ஆனால் நாலாவது, ஐந்தாவது கேள்விகளில் இதுதான் ஜெயிக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனம் மூடினால் அதே பெயரை வேறு இடத்துக்கு மாற்றலாம். மகள் பெயருக்கு மாற்றலாம், விற்கலாம். இதோடு கடைப் பெயரை டிரேட்மார்க் பதிவுக்குக் கொடுத்தால், தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், போலிப் பக்கத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கும்போது கையில் ஒரு தாள் இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அட்டையில் பணம் கட்டி வாங்குகிறவர்கள் இருந்தாலும், கம்பெனிகளுக்குத் தீபாவளிப் பரிசுப் பெட்டி மாதிரி மொத்த ஆர்டர் எடுத்தாலும், தளம் வேண்டும்.

மீஷோ, அமேசான் பற்றியும் கேட்பார்கள். ஆர்டர் வரும். வாங்கினவர் அவர்களுடைய வாடிக்கையாளர், நம்முடையவர் இல்லை. திரும்பி வரும் பார்சலுக்குத் தனியாக ஒரு அலமாரி வேண்டும். சரக்கு தேங்கி நிற்கும்போது தள்ளிவிட நல்ல இடம், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| | இன்ஸ்டா, ஃபேஸ்புக் | யூடியூப் | வாட்ஸ்அப் லிஸ்ட் | சொந்தத் தளம் |
|---|---|---|---|---|
| புது ஆள் | நன்றாக வருவார் | மெதுவாக, தேடி வருவார் | அறிமுகம் வழியாக மட்டும் | விளம்பரம் இல்லாமல் கடினம் |
| திரும்பக் கூப்பிடுதல் | தளம் மனது வைத்தால் | ஓரளவு | முடியும் | எண் வாங்கி வைத்திருந்தால் |
| பெரிய செலவு | விளம்பரம், ராத்திரி நேரம் | படம் எடுப்பது, வெட்டி ஒட்டுவது | பொறுமை | கட்டும் செலவு, பராமரிப்பு |
| காணாமல் போனால் | முதலிலிருந்து | முதலிலிருந்து | நோட்டு இருந்தால் ஓரிரு நாள் | வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றலாம் |
| கைமாற்றுதல் | விதிப்படி விற்க முடியாது | கடினம் | நோட்டோடு சேர்த்து ஒப்படைக்கலாம் | முடியும் |

## யார் எதை எடுக்கலாம்

தொடங்கி ஒரு வருடம் ஆகாதவர், நூறு வாடிக்கையாளர்கூட இல்லாதவர்: இன்ஸ்டா பக்கம். விளம்பரத்தைச் சின்னத் தொகையில் தொடங்குங்கள், ஆனால் ஒவ்வொரு ஆர்டரையும் வாட்ஸ்அப்புக்குக் கொண்டு வந்து முடியுங்கள். தளம் இப்போது வேண்டாம்.

திரும்பத் திரும்ப வாங்கும் பொருள் விற்பவர், அதாவது பொடி, எண்ணெய், ஊறுகாய்: வாட்ஸ்அப் முதலில், இரண்டாவது வருடத்தில் தளம். ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம்.

ஒருவர் வாழ்க்கையில் ஒரு முறையோ இரண்டு முறையோ வாங்கும் பொருள், கல்யாண மேக்கப், மேடை அலங்காரம் மாதிரி: இங்கே என் லிஸ்ட் பேச்சு அவ்வளவாகச் செல்லாது. வாங்கினவர் மறுபடி வர மாட்டார். புது ஆள்தான் எல்லாம், அதனால் இன்ஸ்டாவில் தாராளமாகப் போடலாம். தெருவில் கடை உள்ளவர் கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, நேரம், போன் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். அதற்குக் காசு இல்லை.

அக்காவின் அறுபதாயிரம் இப்படிப் பிரிந்தது. ஆடிக்கும் தீபாவளிக்கும் முன்னால் விளம்பரத்துக்கு 12,000. அவர் பெயரிலேயே டொமைனும் நாலு பக்கம் கொண்ட எளிய தளமும் 9,000. விற்பனை அதில் இல்லை, முகவரி, வாட்ஸ்அப் எண், திருப்பி எடுக்கும் விதி மட்டும். அந்தப் பையனே செய்து தருகிறான். டிரேட்மார்க் 4,500. பார்சல் சீட்டு அச்சடிக்க 1,500. மீதி 33,000 சரக்குக்கு. சரக்கில்லாமல் எந்தத் தளமும் விற்காது.

கடைசியாக, நோட்டுப் போட வேண்டும், பழைய கொரியர் ரசீதையெல்லாம் எடுத்து வாங்க என்றேன். அக்கா ஒரு நிமிடம் பேசவில்லை. "அதையெல்லாம் போகிக்குப் போட்டுக் கொளுத்திட்டேனே தம்பி."

அவர் போனை வாங்கி, வாட்ஸ்அப் தேடும் இடத்தில் "பின்கோட்" என்று போட்டேன். முகவரி அனுப்பியவர்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வர ஆரம்பித்தார்கள், முதலில் பெங்களூரு, அப்புறம் தாராபுரம், அப்புறம் திருப்பூர் டீச்சர். அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார்.